ஆடாமல் நின்ற கடைசி இலக்கம்

பீன்யா இண்டஸ்ட்ரி மெட்ரோ நிலையத்தில் இறங்கி இரண்டாம் ஸ்டேஜ் பக்கமாக நடந்தால், காலை ஏழு மணிக்கே சூடான எண்ணெயின் வாடை வீசும் ஒரு தெரு இருக்கிறது. அங்குள்ள ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் கூடத்தில், அதாவது எஃகைச் சுட்டுக் கடினமாக்கும் பட்டறையில், ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மழைக்காலக் காலையில், இரவு ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் எனக்காகக் காத்திருந்த ஆப்பரேட்டர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு பெங்களூரிலும் ஓசூரிலும் எத்தனையோ இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுத் திரை அமைத்துக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேலையைத் தொடங்கும்போது அந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. இந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்களும் அதைக் கேட்க வேண்டும் என்று விரும்பி, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிழை என்னுடையது என்பதால், இதை எழுதும் கடமையும் என்னுடையதே.

கூடத்தில் இருந்தது தரைக்குள் இறக்கப்பட்ட ஒரு பிட் ஃபர்னஸ். எஃகு பின்களைக் கூடையில் அடுக்கி ஹாய்ஸ்டில் தூக்கி உள்ளே இறக்குவார்கள். மூடிய பிறகு மெத்தனால் சொட்டுச் சொட்டாக உள்ளே விழும். 920 டிகிரியில் பின்களின் மேற்பரப்பில் கார்பன் ஏறும். தேவையான ஆழம் ஏறியதும் வெப்பத்தை 840-க்கு இறக்கி, அங்கே சற்று நிறுத்தி, கூடையை எண்ணெய்த் தொட்டிக்குள் இறக்க வேண்டும். உலையின் மேடையில் ஒரு தொடுதிரை. சுவருக்கு அப்பால், வெப்பம் படாத பேனல் ரூமில் பி.எல்.சி., அதாவது உலையை ஓட்டும் சிறு கணினி. இரண்டையும் இணைப்பது ஏறத்தாழ இருபத்தைந்து மீட்டர் நீளமுள்ள இரண்டு இழைக் கம்பி, அதில் ஆர்.எஸ்.485 என்ற மின் இணைப்பு முறை, அதன் மேல் மோட்பஸ் ஆர்.டி.யூ. என்ற செய்தி மொழி, வேகம் விநாடிக்கு 9600 பிட். வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது முழுக்க பி.எல்.சி.யின் வேலை. திரை கேட்கும், காட்டும், ஆப்பரேட்டர் தட்டிய எண்ணைக் கொண்டுபோய்க் கொடுக்கும், அவ்வளவுதான். அந்த ஆப்பரேட்டர் திருப்பத்தூர் பக்கத்துக்காரர். பெங்களூருக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. உடன் வேலை செய்பவர்களிடம் கன்னடத்திலும் என்னிடம் தமிழிலும் பேசுவார். என்னைவிட வயதில் மிகவும் மூத்தவர். ஆனாலும் அவர் என்னை சார் என்பார். நான் அவரை அண்ணே என்பேன்.

அந்தத் திரையில் நான் இரண்டு மாற்றங்களைச் செய்திருந்தேன். இரண்டும் கேட்டுக்கொண்டதன் பேரில் செய்தவை. செய்த அன்று இரண்டும் நியாயமாகவே பட்டன.

முதல் மாற்றம், உலையை ஓட்டிப் பார்த்த முதல் வாரத்தில் நடந்தது. ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் மின்னணு சுவிட்சுகளான தைரிஸ்டர்கள் வேலை செய்யும்போது எழும் மின்னிரைச்சல் தகவல் கம்பிக்குள் புகுந்து, அரை மணிக்கு ஒரு முறையாவது ஒரு செய்தியைக் கெடுத்துவிடும். உடனே திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு, தகவல்தொடர்புப் பிழை என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி எழும்; யாராவது வந்து ஓகே அழுத்தும்வரை அது நகராது. முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. வாடிக்கையாளர்கள் கூடத்தைச் சுற்றிப் பார்க்க வரும்போது புது இயந்திரம் பிழை பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டார். மின்கம்பியும் தகவல் கம்பியும் ஒரே டிரங்கிங்கில் கிடந்தன. கடைசி முனையில் இருக்க வேண்டிய 120 ஓம் மின்தடையை எவரும் போடவில்லை. செய்ய வேண்டியது அந்தக் கம்பியைப் பிரித்து இழுப்பது. அதற்கு ஒரு நாள் உலையை நிறுத்தியாக வேண்டும். அந்த ஒரு நாள் கிடைக்கவில்லை. ஆகவே நான் மறுமுயற்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டினேன், அந்தப் பெட்டியை எழ விடாமல் செய்தேன், செய்தி வராவிட்டால் கடைசியாக வந்த மதிப்பையே காட்டிக்கொண்டிரு என்ற தேர்வை அமைப்புப் பக்கத்தில் குறியிட்டேன். திரை அமைதியானது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

இரண்டாவது மாற்றம் ஏழெட்டு மாதங்கள் கழித்து. வெப்ப எண் 920.1, 919.8, 920.3 என்று ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. உலையின் வெப்பத்தை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிளில் ஒரு டிகிரியின் பத்தில் ஒரு பங்கு என்பது ஏறத்தாழ 4 மைக்ரோவோல்ட். அந்த அளவில் கம்பிக்குள் எந்நேரமும் ஏதோ ஒரு சலனம் இருந்துகொண்டேதான் இருக்கும். தரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, உலை நிலையாக இல்லை என்று குறிப்பு எழுதிவிட்டார். நான் வந்தேன், பத்து விநாடிச் சராசரி எடுத்தேன், புள்ளியையும் அதற்குப் பின்னால் இருந்த இலக்கத்தையும் நீக்கினேன். அதன் பிறகு திரையில் 920 என்ற மூன்று இலக்கங்கள் மலைபோல அசையாமல் நின்றன. திரும்பிப் போகும்போது, உலை மேடையில் நின்றிருந்த அண்ணன் ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டது போல எனக்கு ஒரு நினைவு இருக்கிறது. பின்னால் நடந்ததை அறிந்த பிறகு அந்த நினைவை நானே உண்டாக்கிக்கொண்டேனோ என்னவோ.

அந்த இரவு

பி.எல்.சி.யின் முனையில் இரண்டு இழைகளில் ஒன்றைப் பிடித்திருந்த திருகு கழன்றிருந்தது. என்று தளரத் தொடங்கியதோ தெரியாது. முழுவதுமாகத் தொடர்பு அற்றது அந்த இரவு ஒன்றரை மணி வாக்கில். உலைக்குள் ஒரு முழுக் கூடை 920-இல் வெந்துகொண்டிருந்தது. வரைபடம் கேட்ட கார்பன் ஆழம் 0.8 முதல் 1.0 மில்லிமீட்டர்வரை. இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 0.9 வரும், நடுவில் நிற்கும். அந்த இரண்டு மணி நேரம் முடிந்ததும் அண்ணன் வழக்கம்போல, உலை எட்ட வேண்டிய வெப்பத்தைக் கொடுக்கும் செட் பாயிண்ட் பெட்டியைத் தொட்டு 840 என்று தட்டினார். பெட்டியில் 840 என்று வந்தது. மேலே உள்ள பெரிய எண் 920 என்றே இருந்தது. முழுக் கூடையோடு இருக்கும் உலை உடனே இறங்கிவிடாது என்பதால் அவர் காத்திருந்தார். திரையின் வலது மூலையில் கடிகாரம் விநாடி விநாடியாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கங்களை மாற்றினால் மாறின. பொத்தான்கள் தொட்டால் நிறம் மாறின. திரைக்கு உயிர் இருந்தது. கண்தான் இல்லை.

ஐம்பது நிமிடம் கழித்து, மனம் கேட்காமல் அவர் பேனல் ரூமுக்கு நடந்து போய்க் கதவைத் திறந்தார். பி.எல்.சி.யின் தகவல் விளக்குகளில் எப்போதும் மினுக்கும் ஒன்று அணைந்திருந்தது. தைரிஸ்டரின் அம்மீட்டர், உலை இன்னும் 920-ஐக் காத்துக்கொண்டிருக்கிறது என்று காட்டியது. திருகை அவரே முடுக்கினார். திரும்பி வந்து மறுபடியும் 840 தட்டினார். இம்முறை எண் இறங்கத் தொடங்கியது. ஆனால் கார்பன் அந்த ஐம்பது நிமிடங்களிலும் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது என்பதால் சேதம் கொஞ்சமாகத்தான் தெரியும். ஆனால் எல்லை 1.0 என்று எழுதியிருக்கும்போது 1.07 என்பதும் நிராகரிப்புதான். ஏறிய கார்பனை வெளியே எடுக்க வழியில்லை. கூடை முழுவதும் பழைய இரும்பாகிப் போனது.

காலையில் நான் போனபோது அவர் மேடையின் படியில் உட்கார்ந்திருந்தார். முதலாளி இன்னும் வரவில்லை. என்ன நடந்தது என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்துவிட்டது. கம்பி அறுந்தால் கடைசி மதிப்பைக் காட்டச் சொன்னவன் நான்தானே. ஆனால் அவர் அந்தத் தேர்வைப் பற்றி ஒன்றும் அறியாதவர். அவர் சொன்னது வேறு. "புள்ளிக்கு அப்புறம் இருந்த நம்பரு எப்பவும் ஆடிக்கிட்டே இருக்கும் சார். அது ஆடுச்சுன்னா உள்ள பேச்சு நடக்குதுன்னு அர்த்தம். நின்னா, போய் ஒயரைப் பார்ப்பேன். ரெண்டு மூணு தடவை அப்படி நின்னுருக்கு, நானே சரி பண்ணிருக்கேன். நீங்க போன தடவை வந்துட்டுப் போனதுல இருந்து அது எப்பவுமே ஆடறதில்ல. ஆடாம இருக்கிறது சரியா தப்பான்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். அந்தத் திரையிலிருந்து நான் முதலில் பிழைச் செய்தியை நீக்கியிருந்தேன். அதற்குப் பதிலாக அவர் தாமாகவே ஓர் அடையாளத்தைக் கண்டுபிடித்து, எவரிடமும் சொல்லாமல், மாதக்கணக்கில் அதை நம்பி உலையை ஓட்டியிருக்கிறார். நான் இரைச்சல் என்று எண்ணிய அந்த ஆட்டம்தான் அவருக்கு நாடித்துடிப்பாக இருந்தது. இரண்டாவது முறை வந்தபோது நான் அதையும் அழகுபடுத்துகிறேன் என்று அழித்துவிட்டேன். ஒரு மனிதர் எந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறார் என்று கேட்காமல் அவருடைய திரையில் கை வைக்கக் கூடாது என்பது எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தாலும், அந்தப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது போல அது உறைத்திருக்காது.

பதில், மறுப்பு, மௌனம்

அன்று இரவு ஸ்ரீராமபுரத்தில் என் அறைக்குத் திரும்பி, மோட்பஸ் விதிமுறையை, அதுவரை பலமுறை புரட்டியதை, முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் படித்தேன். மோடிகான் நிறுவனம் 1979-இல் வெளியிட்டது. இன்றைய கண்ணுக்கு மிக எளிய மொழி. ஆனால் பிழையைச் சொல்வதில் அதை வகுத்தவர்கள் எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

திரை ஒன்றைக் கேட்டால் மூன்றில் ஒன்றுதான் நடக்க முடியும். பதில் வரலாம். மறுப்பு வரலாம்: கேட்ட செயலின் எண்ணோடு 128-ஐக் கூட்டித் திருப்பி அனுப்பி, ஏன் முடியாது என்பதற்கு ஓர் எண்ணையும் பி.எல்.சி. சேர்த்து வைக்கும். மதிப்பைப் படிக்கும் மூன்றாம் எண் செயலைக் கேட்டிருந்தால், முகவரிக்கு அடுத்து 131 என்ற எண் நிற்கும் ஐந்து பைட் செய்தி வரும். காரண எண் 1 என்றால் அந்தச் செயலே எனக்குத் தெரியாது. 2 என்றால் அப்படி ஒரு முகவரி என்னிடம் இல்லை. 3 என்றால் கொடுத்த மதிப்பு செல்லாது. 4 என்றால் செய்ய முயன்றேன், என்னிடமே கோளாறு. 6 என்றால் வேறு வேலையில் இருக்கிறேன், பிறகு கேள். நடுவில், ஒரு கம்பிவழியை இன்னொன்றோடு இணைக்கும் கேட்வே இருந்தால் அதற்கென இரண்டு எண்கள் உண்டு: அந்தப் பக்கம் போக வழியே இல்லை என்பதற்கு 10, வழி இருக்கிறது ஆனால் அங்கிருப்பவர் வாய் திறக்கவில்லை என்பதற்கு 11. இந்தக் கடைசி இரண்டையும் பிரித்து வைத்தவர் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. கதவு பூட்டியிருப்பதும், கதவைத் தட்டியும் ஆள் வராததும் வெளியே நிற்பவனுக்கு ஒன்றாகத் தெரியலாம். சாவி தேடுவதா கவலைப்படுவதா என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

மூன்றாவது, மௌனம். செய்தி வழியில் சிதைந்து, இறுதியில் வரும் சரிபார்ப்பு எண் பொருந்தாமல் போனால், பி.எல்.சி. மறுப்பும் சொல்லாது. கேட்டது தன்னையா என்பதே அதற்கு உறுதியில்லை என்பதால் பேசாமல் இருந்துவிடும். அதுதான் முறையும்கூட. கம்பி அறுந்தாலும் மௌனம், பி.எல்.சி.க்கு மின்சாரம் போனாலும் மௌனம், முகவரி மாறிப்போனாலும் மௌனம். ஆர்.டி.யூ. முறையில் ஒரு செய்தி முடிந்தது என்பதைக் காட்டுவதற்கும் மௌனமே பயன்படுகிறது. 9600 வேகத்தில் மூன்றரை எழுத்து நேரம், அதாவது சுமார் 4 மில்லி விநாடி கம்பி அமைதியாக இருந்தால் வாக்கியம் முடிந்தது என்று பொருள். ஆகவே அந்த மொழியில் மௌனத்தின் நீளத்தை அளந்துதான் எதையும் புரிந்துகொள்ள முடியும். இத்தனை மில்லி விநாடிக்கு மேல் போனால் இது மரணம் என்று முடிவு செய்ய வேண்டிய பொறுப்பைக் கேட்பவரிடம், அதாவது திரையிடம், விதிமுறை விட்டுவைத்திருக்கிறது. அந்தப் பொறுப்பைத்தான் நான் ஓர் அமைப்புப் பக்கத்தில் ஒரே தொடுதலில் தட்டிக் கழித்திருந்தேன்.

கம்பிக்குள் இத்தனை நுட்பமாகப் பேசப்படுவது, திரைக்கு வந்து சேரும்போது ஒன்று ஒரே பிழைப் பெட்டிக்குள் போய் அடைந்துவிடுகிறது, அல்லது ஒன்றுமே இல்லாமல் போகிறது. மறுப்பும் மௌனமும் ஒரே சொல்லால் சொல்லப்படுகின்றன. பராமரிப்பு ஆள் ஸ்பானரோடு ஓடுவதா நிரலாளரைக் கூப்பிடுவதா என்பதே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. மறுப்பு வருகிறது என்றால் கம்பி நன்றாக இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அப்போது நிரலையும் முகவரிகளையும் பார்க்க வேண்டும். மௌனம் என்றால் முதலில் திருகுகள்.

தட்டியது, ஏற்றது, நடந்தது

என்னை அதைவிட அதிகமாக வருத்தியது அந்த 840. வெப்ப எண் உறைந்து நின்றதையாவது, தகவல் வரவில்லை என்று ஒரு வகையில் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் செட் பாயிண்ட் பெட்டியில் இருந்த 840 எங்கிருந்து வந்தது? பி.எல்.சி. அதை ஒருபோதும் பெறவில்லை. அது அண்ணனின் விரலிலிருந்து வந்து அவருடைய கண்ணுக்கே திரும்பிப் போன எண். திரை அவர் சொன்னதை அவரிடமே சொல்லிக் காட்டியது. அதை அவர் உலையின் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

மோட்பஸில் இதற்கும் வழி இருக்கிறது. ஒரு மதிப்பை எழுதும் ஆறாம் எண் செயலில் போகும் செய்தி எட்டு பைட். முகவரி, செயல், எந்த இடம், என்ன மதிப்பு, சரிபார்ப்பு. 840 என்பது அதில் 03 48 என்று இரண்டு பைட்டுகளாகப் போகும். பி.எல்.சி. அதை ஏற்றுக்கொண்டால், வந்த எட்டு பைட்டுகளையும் அப்படியே திருப்பி அனுப்பும். ஆசிரியர் சொன்னதை மாணவன் திருப்பிச் சொல்வது போன்ற முறை இது. அந்த எதிரொலி வந்த பிறகே பெட்டியில் எண்ணை மாற்றியிருந்தால், அன்றிரவு பெட்டியில் 920 என்றே நின்றிருக்கும். தட்டியும் மாறவில்லை என்று அவர் அந்த நிமிடமே எழுந்து போயிருப்பார். எதிரொலிகூடப் போதாது என்பதே இப்போது என் கருத்து. நினைவகத்தில் எண் விழுந்ததை மட்டுமே அது காட்டுகிறது. நிரல் அதை எடுத்துக்கொண்டதா, எல்லைக்கு வெளியே என்று ஒதுக்கிவிட்டதா என்பது அதில் தெரியாது. ஆகவே கேட்கும் மதிப்புக்கு ஓர் இடமும், நிரல் உண்மையில் பயன்படுத்திக்கொண்டிருக்கும் மதிப்புக்கு வேறோர் இடமும் வைத்து, திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறேன். இரண்டும் ஒன்றாகும்வரை முதல் எண் மஞ்சளில் நிற்கும்.

மோட்பஸ் வெளிவந்த அதே 1979-இல், மார்ச் 28 அதிகாலையில், அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்ததை இந்தத் துறையில் இருப்பவர்கள் பலமுறை கேட்டிருப்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன், அது எங்கோ நடந்த பெரிய விபத்து என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்தது. ஆப்பரேட்டர்கள் வால்வு மூடிவிட்டது என்று எண்ணினார்கள். ஆனால் அந்த விளக்கு வால்வின் நிலையோடு இணைக்கப்படவில்லை. வால்வை இயக்கும் சோலினாய்டு என்ற மின்காந்தத்துக்கு மின்சாரம் போகிறதா என்பதோடுதான் இணைக்கப்பட்டிருந்தது. மூடு என்று சொல்லியாயிற்று என்பதை அது காட்டியது. மூடியதா என்பதை அல்ல. இரண்டு மணி நேரத்துக்கு மேலாக அந்த வழியே உலையின் குளிர்நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. எங்கள் பீன்யா கூடத்தில் எவருக்கும் ஒரு காயம்கூட இல்லை, போனது ஒரு கூடை பின்கள்தான். ஆனால் அந்த விளக்கும் என் 840-உம் செய்த தவறு ஒன்றேதான்: சொன்னதை நடந்ததாகக் காட்டுவது.

பெட்டியைத் திருப்பிக் கொண்டுவரலாமா

முதலாளி வந்த பிறகு, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவருடைய முதல் யோசனை, பழைய பிழைப் பெட்டியைத் திருப்பிப் போட்டுவிடலாம் என்பது. நான் மறுத்தேன். அண்ணனும் மறுத்தார். அரை மணிக்கு ஒரு முறை எழும் பெட்டியை யாரும் படிக்க மாட்டார்கள். கை தானாகவே போய் ஓகே அழுத்திவிடும். 1994 ஜூலையில் வேல்ஸில் மில்ஃபர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நிகழ்வதற்கு முந்தைய ஏறத்தாழ பதினொரு நிமிடங்களில் இரண்டு ஆப்பரேட்டர்கள் முன்னால் வந்து விழுந்த அலாரங்கள் 275. அங்கும் ஒரு வால்வு, மூடியிருந்தும் திறந்திருப்பதாகத் திரையில் காட்டியது. அந்த 275-க்கு நடுவில் அதை யார் கண்டுபிடிப்பார்கள்? அதற்குப் பின் வந்த அலாரம் வழிகாட்டிகளும், 2009-இல் வந்த ஐ.எஸ்.ஏ. 18.2 தரநிலையும், ஆப்பரேட்டர் எழுந்து ஏதாவது செய்ய வேண்டிய நிலைமைக்கு மட்டுமே அலாரம் என்று பெயர் வையுங்கள் என்று வலியுறுத்துகின்றன.

ஆகவே நான் வந்து சேர்ந்த இடம் இது: தொடர்பு போனது என்பதைத் தனியான ஒரு செய்தியாகச் சொல்வது போதாது, அந்தத் தொடர்பின் வழியே வந்த ஒவ்வோர் எண்ணின் மேலும் அது தெரிய வேண்டும். இயந்திரங்களின் தகவலைக் கணினிகளுக்குக் கொண்டு சேர்க்கும் ஓ.பி.சி. முறையை வகுத்தவர்கள் இதை 1990-களிலேயே செய்துவிட்டார்கள். அதில் எந்த மதிப்பும் தனியாகப் பயணம் செய்வதில்லை. எப்போது எடுத்த மதிப்பு, எவ்வளவு நம்பலாம் என்ற இரண்டும் கூடவே வரும். நம்பலாம் என்றால் 192, ஐயம் என்றால் 64, நம்பாதே என்றால் 0. அந்த இரண்டு துணைகளையும் உதறிவிட்டு மதிப்பை மட்டும் திரையில் வைக்கும் பழக்கம் எங்களுடையது. பெரிய ஆலைகளிலேயே இதைப் பார்க்கிறேன். ஊறுகாய்ப் புட்டியின் மேல் உள்ள தேதியைச் சுரண்டிவிட்டு அடுக்கில் வைப்பதைப் போன்ற செயல் இது.

திரும்ப எழுதியது

கடைசியில் அந்த ஒரு நாள் கிடைத்தது. தகவல் கம்பியைத் தனி இரும்புக் குழாயில் இழுத்தோம், இரு முனைகளிலும் மின்தடை போட்டோம், திருகில் மாட்டும் கம்பி நுனிகளுக்கு லக் என்ற உலோக முனை அடித்தோம். மாதக்கணக்கில் எழுந்துகொண்டிருந்த பிழைகள் அன்றோடு நின்றன. அறிகுறியை மறைக்க நான் செலவிட்ட நேரத்தில் காரணத்தைச் சரிசெய்திருக்கலாம் என்பதை அன்று உணர்ந்தேன்.

பிறகு நாடித்துடிப்பு. பி.எல்.சி. ஒவ்வொரு விநாடியும் ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும். திரை அதைப் படிக்கும். மூன்று விநாடி அது மாறாவிட்டால் பி.எல்.சி.யிலிருந்து வரும் எல்லா எண்களும் கோடுகளாகிவிடும், 920 இருந்த இடத்தில் மூன்று சாம்பல் நிறக் கோடுகள். எதிர்த் திசையிலும் ஒன்று: திரை ஒரு பிட்டை மாற்றி மாற்றி எழுதும். சீமென்ஸ் திரைகளில் ஏறத்தாழ விநாடிக்கு ஒரு முறை புரளும் இத்தகைய உயிர்ப்பு பிட் வெகுகாலமாகவே உண்டு. எங்கள் திரையில் அது இல்லாததால் நானே எழுதினேன். அந்தப் பிட் நின்றுவிட்டால் பி.எல்.சி. என்ன செய்ய வேண்டும் என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. உலையை அணைத்துவிடலாம் என்றேன் நான். கூடை உள்ளே பாதி வெந்திருக்கும்போது அணைத்தால் அதுவும் வீண்தான் என்றார் அண்ணன். இருக்கும் வெப்பத்தைக் காத்துக்கொண்டு, பி.எல்.சி. தன் சொந்த வெளியீட்டிலிருந்து மேடையில் ஒரு ஹூட்டரை ஒலிக்க வைக்கும் என்று முடிவாயிற்று. ஹூட்டருக்கான ரிலே, அதாவது மின்சாரம் இழுத்துப் பிடிக்கும் சுவிட்ச், எப்போதும் இழுத்த நிலையில் இருக்கும், பி.எல்.சி.யே செத்துப்போனாலும் ரிலே விடுபட்டு, யூ.பி.எஸ். மின்சாரத்தில் ஹூட்டர் கத்தும். திரை குருடானதைத் திரையின் வழியாகவே சொல்ல முயலக் கூடாது என்பதில் எங்கள் இருவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

கோடுகளுக்குக் கீழே என்ன எழுதுவது என்று கேட்டேன். அதுவரை இருந்தது ஆங்கிலத்தில் ஒரு பிழை எண். "தகவல் வரலைன்னு போடுங்க சார், போதும். எரர்னா என்ன எரர்னு யோசிக்கணும், வரலைன்னா, போய்ப் பார்க்கணும்னு தெரிஞ்சிடும்" என்றார். மேலே கன்னடத்தில் மாஹிதி பருத்தில்ல என்றும் கீழே தமிழில் தகவல் வரவில்லை என்றும் எழுத முடிவு செய்தோம். அந்தத் திரைக்கு நம் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. லை என்பதில் முன்னால் நிற்க வேண்டிய ஐகாரக் குறியை லகரத்துக்குப் பின்னால் தூக்கி வைத்தது. இரண்டு வரிகளையும் கணினியில் படமாக்கி ஏற்ற வேண்டியதாயிற்று. அந்த வேலைக்கு மட்டும் ஒரு மாலை முழுவதும் போனது. அதற்காக நான் வருந்தவில்லை. இந்த நகரத்தின் பட்டறைகளில் இரவு ஷிப்டில் தனியாக நிற்பவர்கள் எந்த மொழியில் யோசிக்கிறார்களோ அந்த மொழியில்தான் இயந்திரம் தனக்குத் தெரியாது என்பதைச் சொல்ல வேண்டும்.

எல்லாம் முடிந்து திருகைக் கழற்றிச் சோதித்துப் பார்த்தோம். மூன்று விநாடியில் கோடுகள் வந்தன, நான்காம் விநாடியில் ஹூட்டர் கத்தியது. அண்ணன் தலையசைத்தார். பிறகு, தயங்கித் தயங்கி, புள்ளிக்குப் பின்னால் இருந்த அந்த இலக்கத்தைத் திரும்பக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். சராசரியை எடுத்துவிட்டேன், புள்ளி திரும்பி வந்தது, 920.2, 919.9, 920.1 என்று பழையபடி ஆடத் தொடங்கியது. தரப் பிரிவுக்கு, அது உலையின் ஆட்டமல்ல, அளவையின் ஆட்டம் என்று எழுத்தில் விளக்கம் கொடுத்தேன்.

போன மாதம் வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போயிருந்தபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். புதிதாக வந்த பையன் ஒருவனுக்கு உலையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். திரையின் மூலையில் நான் வைத்த பச்சைப் புள்ளி விநாடிக்கு ஒரு முறை மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் பையனுக்கு அதைக் காட்டவில்லை. புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கத்தின் மேல் விரலை வைத்து, இதைப் பார்த்துக்கொண்டே இரு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நிரலில் அந்த எண்ணைக் காட்டும் வரிக்கு மேலே, அடுத்து வரும் பொறியாளர் எவராக இருந்தாலும் படிக்கும்படி, அன்றே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்: இந்த எண்ணைச் சராசரி எடுக்க வேண்டாம், மேடையில் இருப்பவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.